அழைப்பவர் பெயர்

1

இன்று என் தங்கை வடிவுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். காப்பி போடும் முன்பே குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் திறந்தது என் தப்பு. ஆழ்வார்குறிச்சிப் பெரியப்பா அந்தக் கல்யாணப் பத்திரிகையைப் படம் பிடித்துப் போட்டு, ‘நம்ம காந்திமதி டிசைன் செய்த பத்திரிகை. நாள் போனதே தெரியவில்லை’ என்று எழுதியிருந்தார். கீழே வரிசையாகக் கைகூப்பல்கள், பூங்கொத்துகள். ‘ஃபாரின் டிசைன்னா ஃபாரின் டிசைன்தான்’ என்று ஒரு சித்தி. ‘என்ன எடுப்பா இருக்கு’ என்று ஒரு மாமா.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. அந்தப் பத்திரிகை நான் செய்தது இல்லை. நான் செய்ததில் ஒரு வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வேறு வரியைப் போட்டு அடித்தது. எடுத்த வரியில் இருந்தது என் அம்மாவின் பெயர்.

ஒரு வருஷமாக இதை யாரிடமும் சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தேன். பெரியப்பாவோடு பேச்சு இல்லை. குழுவில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டும்போதெல்லாம் நான் ஒரு கைகூப்பல்கூடப் போடுவதில்லை. அதை ‘வெளிநாடு போனதும் காந்திக்கு மண்டைக்கனம் வந்துவிட்டது’ என்று எடுத்துக்கொள்கிறார்களாம். எடுத்துக்கொள்ளட்டும். ஊரில் இருக்கிற நீங்களாவது நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

நான் முக்கூடல்காரி. நெதர்லாந்தில் ஐந்தோவன் என்ற ஊருக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. என் வீட்டுக்காரர் சங்கரனுக்கு இங்கே சிப் செய்யும் இயந்திரங்களோடு வேலை. எனக்கு முதலில் குழந்தையோடு வேலை, பிறகு டச்சு மொழியோடு மல்லுக்கட்டு. பாளையங்கோட்டையில் படித்த பி.காம். பட்டத்தை இங்கே யாரும் சீந்தவில்லை. டச்சுப் பரீட்சையை மூன்றாவது தடவையில் தாண்டிய பிறகு, நகர நூலகத்தின் மாடியில் சனிக்கிழமைதோறும் நடக்கும் கிராஃபிக் டிசைன் வகுப்பில் சேர்ந்தேன். வேலைக்கு ஆகும் என்று சேர்ந்தேனா, வீட்டை விட்டு வெளியே போக ஒரு சாக்கு என்று சேர்ந்தேனா என்றால், இரண்டும்தான்.

வகுப்பில் என் பெயர் ‘மெஃப்ராவ் அருணாசலம்’. அதாவது திருமதி அருணாசலம். அருணாசலம் என் அப்பா. அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். வந்த புதிதில் நகராட்சி அலுவலகத்தில் பதியப் போனேன். ‘குடும்பப் பெயர் எங்கே?’ என்று கேட்டார் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர். எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துத்தான் முன்னால் வரும் என்று சொல்ல நினைத்து, எனக்குத் தெரிந்த அரைகுறை டச்சில், ‘என் அப்பா என் பெயருக்கு முன்னால் நிற்கிறார்’ என்றேன். அவர் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, ‘வெளியே நிற்கிறாரா? உள்ளே வரச் சொல்லுங்கள்’ என்றார். அப்பா இறந்து அப்போது பன்னிரண்டு வருஷம். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன். கடைசியில் அவராகவே அருணாசலத்தைக் குடும்பப் பெயராக எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு மின்சாரக் கட்டணம், பல் மருத்துவர், என் மகள் யாழினியின் பள்ளிக்கூடம், எல்லா இடத்திலும் நான் அருணாசலம்தான். அம்மாவை இங்கே மூன்று மாதம் கூட்டிவரப் படிவம் நிரப்பினபோது, ‘அழைப்பவர் பெயர்’ என்ற கட்டத்தில் அருணாசலம். ‘அழைக்கப்படுபவர் பெயர்’ என்ற கட்டத்தில், பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டதால், செண்பகம் அருணாசலம். செத்துப்போன மனுஷர் இரண்டு கட்டத்திலும் இருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, பாவம், நல்ல மனுஷர். ஆனால் எங்களை வளர்த்தவள் பெயரைத் தனியாக எழுதத்தான் எந்தக் காகிதத்திலும் கட்டம் இல்லை.

3

வகுப்பு நடத்துபவள் பெயர் மரியான். தலை முதல் கால் வரை கறுப்பு உடை, பேச்சில் ஒளிவுமறைவே கிடையாது. முதல் நாள் சுவரில் ஐந்தாறு சுவரொட்டிகளை ஒட்டிவிட்டு, எங்களைத் தூரமாக நிற்கச் சொன்னாள். ‘கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். எழுத்து படிக்கத் தெரியக் கூடாது. அப்போதும் எது முதலில் தெரிகிறது? அதுதான் அந்தக் காகிதம் சொல்லும் விஷயம். மற்றதெல்லாம் அதற்குத் துணை’ என்றாள். எழுத்தின் அளவு, கனம், சுற்றிலும் விடும் வெற்றிடம் என்று மூன்று கருவிகள்தான் உங்களுக்கு, நான்காவது தேடாதீர்கள் என்றாள். இரண்டு மாதம் டிரேசிங் தாளில் எழுத்துகளை வரைந்து வரைந்து விரல் காய்த்துப்போனது. ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் இருக்கும் வெள்ளையும் ஒரு வடிவம்தான் என்று புரிய எனக்கு அத்தனை நாள் ஆனது.

பிடித்துத்தான் படித்தேன். கோபம் வந்தது மூன்றாவது மாதம்.

‘உங்கள் ஊர் அச்சுக் காகிதம் ஒன்றைக் கொண்டுவந்து, அதைத் திருத்தி அமையுங்கள்’ என்று பாடம் கொடுத்தாள். என்னிடம் என் அத்தை மகன் கல்யாணப் பத்திரிகை இருந்தது. நான்கு முனையிலும் மஞ்சள் தடவினது. தலையில் பிள்ளையார் படம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, தங்க எழுத்து, பின்பக்கம் முழுக்கச் சித்தப்பா, பெரியப்பா, மாமா, அவரவர் மனைவி, அவரவர் உத்தியோகம், ஓய்வு என்றால் அடைப்புக்குறிக்குள் ஓய்வு. மரியான் அதைக் கையில் வாங்கிக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். ‘இது என்ன, டெலிபோன் புத்தகமா?’ என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ‘இத்தனை பேரும் யார்? எடுத்துவிடு. மாப்பிள்ளை, பெண், நாள், இடம். போதும்.’

எனக்குச் சுருக்கென்றது. நம் ஊரில் ஒரு மாமா பெயர் விட்டுப்போனால் அந்தக் குடும்பம் கல்யாணத்துக்கே வராது. வந்தாலும் சாப்பிடாமல் போகும். அந்தப் பெயர்ப் பட்டியலுக்காக எங்கள் வீட்டில் மூன்று நாள் உட்கார்ந்து சண்டை போட்டுச் சமாதானமாகி எழுதியதை நான் பார்த்திருக்கிறேன். அதை ஒரு நொடியில் எடுத்துவிடு என்கிறாள். ‘இந்தப் பெயர்கள் இல்லாவிட்டால் இது பத்திரிகையே இல்லை’ என்று டச்சில் சொல்லத் தெரிந்த அளவுக்குச் சொன்னேன். அவள் தோளைக் குலுக்கினாள். வீட்டுக்கு வந்து யாழினியிடம் புலம்பினால், பத்து வயது யாழினி பத்திரிகையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘உண்மையிலேயே, யாரும்மா இவ்வளவு பேரும்?’ என்று டச்சில் கேட்டாள். அவள் சொந்தக்காரர்கள்தான். அதைச் சொல்லப்போய் ஒவ்வொரு பெயராக விளக்கினேன். மூன்றாவது பெயரிலேயே எழுந்து போய்விட்டாள்.

ஆனால் மரியான் கேட்ட இன்னொரு கேள்வி என்னை விடவில்லை. அடுத்த சனிக்கிழமை, என் திருத்திய வடிவத்தைப் பார்த்துவிட்டு, ‘சரி, யார் அழைக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியவில்லையே. ஒரு அழைப்பிதழில் அதுதானே முதலில் தெரிய வேண்டும்?’ என்றாள். அந்த வாரம்தான் ஊரில் வடிவுக்குத் தென்காசி மாப்பிள்ளையை நிச்சயம் செய்திருந்தார்கள். வடிவு கல்யாணத்துக்கு யார் அழைக்கிறார்கள்? அதற்குப் பதில் எனக்குத் தெரியும். பத்திரிகையை நானே செய்வது என்று முடிவு செய்தேன்.

4

அப்பா பொதுப்பணித் துறையில் கால்வாய்ப் பிரிவில் வேலை பார்த்தவர். எனக்குப் பதினான்கு வயதிலும் வடிவுக்கு இரண்டு வயதிலும் நெஞ்சுவலியில் போனார். அம்மாவுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. கருணை அடிப்படையில் வேலை கேட்டு அவள் திருநெல்வேலிக்கு நடையாய் நடந்தாள். ஒரு வாரம் வாரிசுச் சான்றிதழில் முத்திரை சரியில்லை என்பார்கள், அடுத்த வாரம் முத்திரை போடுபவர் விடுப்பு என்பார்கள். இடுப்பில் வடிவு, கையில் ஃபைல். வேலை கிடைக்க மூன்று வருஷம் ஆனது. இளநிலை உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றாள். என் படிப்பு, என் கல்யாணம், வடிவு படிப்பு, அவள் எஞ்சினீயரிங், அத்தனையும் அம்மா ஒருத்தி.

இதில் ஒரு விஷயம் உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். என் கல்யாணப் பத்திரிகையில் அம்மா பெயர் கிடையாது. பெரியப்பாவும் பெரியம்மாவும் அழைத்தார்கள். தாம்பூலத் தட்டில் வைத்துச் சொந்தக்காரர் வீடுகளுக்குக் கொடுத்ததும் அவர்கள்தான். தாலி கட்டும்போது அம்மா மண்டபத்துச் சமையல்கட்டில் சாம்பாருக்கு உப்பு பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தி நாலு வயதில் எனக்கு அது உறைக்கவே இல்லை. உறைக்காமல் போனதை நினைத்தால் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

வடிவு பத்திரிகையை ஒன்றரை மாதம் செய்தேன். மரியான் சொன்ன வரி இடைவெளியை வைத்தால் மேல் வரியின் உகரச் சுழியும் கீழ் வரியின் இகரக் கொக்கியும் மோதிக்கொண்டன. எழுத்துகளைத் தள்ளித் தள்ளி வைத்தால் நெடிலின் கால் உறவு அறுந்தது மாதிரி தனியாகப் போய் நின்றது. அவளுடைய விதிகள் அவள் எழுத்துக்கு. என் எழுத்துக்கு என்ன வேண்டும் என்று நானே போட்டுப் போட்டுக் கண்டுபிடித்தேன். உறவுக்காரர் பெயரில் ஒன்றைக்கூட நான் விடவில்லை. பின்பக்கத்தில் ஒன்பது புள்ளி (பாயின்ட்) எழுத்தளவில், அழகான இரண்டு பத்தியாக அத்தனை பேரும் இருந்தார்கள். முன்பக்கத்தில் மேலே பிள்ளையார் சுழி. பிறகு நிறைய வெற்றிடம். நடுவில், ‘என் மகள் வடிவின் திருமணத்துக்கு உங்களை அழைக்கிறேன்.’ அதற்குக் கீழே, சுற்றிலும் ஒரு எழுத்துகூட இல்லாமல், பதினெட்டுப் புள்ளியில்: செண்பகம்.

கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். அம்மாதான் முதலில் தெரிந்தாள். திருப்தியாக இருந்தது.

அம்மாவுக்கு அனுப்பிவிட்டு அழைத்தேன். “நல்லாத்தான் இருக்கு. எம் பேரை இம்புட்டு பெருசா நான் பார்த்ததே இல்லை” என்றாள். “பெரியப்பா என்ன சொல்லுதாவளோ” என்றும் சொன்னாள்.

பெரியப்பா மறுநாளே அழைத்துவிட்டார். “ஏம்மா காந்தி, டிசைன் எல்லாம் பிரமாதமா இருக்கு. ஆனா ஊரு வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லா? நல்ல காரியத்துக்கு ஒத்தையா ஒரு பேரு நிக்கக் கூடாதும்மா. தம்பதியா நின்னு அழைக்கணும்.”

“அம்மா ஒத்தையாத்தானே வளர்த்தா, பெரியப்பா? வளர்க்கும்போது தம்பதி யாரும் வரலையே.”

“நான் வரலையா? ஆழ்வார்குறிச்சியிலேந்து எத்தனை தடவை வந்திருக்கேன்!”

வந்தார். பொங்கலுக்கு வந்தார், பரீட்சை மார்க் கேட்க வந்தார். “பேரு மாறாது பெரியப்பா” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அவரும் அதற்கு மேல் பேசவில்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

திருநெல்வேலி டவுனில் ரத வீதிப் பக்கம் ஒரு அச்சகம். அந்த அச்சக அண்ணாச்சி, “கலர் கொஞ்சம் பாக்கணும், ஓப்பன் ஃபைலா அனுப்புங்கம்மா” என்றார். கைவைக்க முடியாதபடி எழுத்துகளை உருவமாக மாற்றித்தான் அச்சுக்கு அனுப்ப வேண்டும் என்று வகுப்பில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். நம்ம ஊர் அண்ணாச்சிதானே என்று திறந்த ஃபைலையே அனுப்பினேன்.

5

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு யாழினியோடு முக்கூடல் போய் இறங்கினேன். பத்திரிகை எல்லாம் கொடுத்து முடித்தாயிற்று. மிச்சம் இருந்த கட்டு பூஜை அறையில் இருந்தது. பெட்டியைக்கூடத் திறக்காமல் ஆசையாக ஒன்றை எடுத்துப் பார்த்தேன்.

அதே தாள், அதே பிள்ளையார் சுழி, அதே வெற்றிடம். நடுவில், ‘காலஞ்சென்ற அருணாசலம் அவர்களின் இளைய குமாரத்தி வடிவின் திருமணத்துக்கு உங்களை அழைக்கிறோம்.’ அதற்குக் கீழே, சுற்றிலும் ஒரு எழுத்துகூட இல்லாமல், பதினெட்டுப் புள்ளியில்: ராமலிங்கம் – பாப்பா. என் பெரியப்பாவும் பெரியம்மாவும். செத்தவருக்கு இடம் இருக்கிறது. உயிரோடு இருந்து பெண்ணைப் பெற்று வளர்த்துக் கட்டிக்கொடுக்கிறவளுக்கு இல்லை. பின்பக்கத்து ஒன்பது புள்ளியில்கூட இல்லை.

என்னை அதிகம் கொதிக்க வைத்தது எது தெரியுமா? அந்தப் பத்திரிகை அழகாக இருந்தது. எதுவும் குலையவில்லை. பழைய ஊர்ப் பத்திரிகையாக இருந்தால், இடிபட்டு நிற்கும் பெயர்களுக்கு நடுவில் ஒன்றைப் பிடுங்கினால் பத்தியே கோணிக்கொண்டு நிற்கும், மறுபடி கோத்தாக வேண்டும். நான்தான் அம்மாவை எல்லோரிடமிருந்தும் பிரித்துத் தனியாக நிறுத்தி, சுற்றிலும் இடம் விட்டு வைத்தேன். அவளை எடுப்பதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. வெற்றிடம் பெயருக்கு மரியாதை கொடுக்கும் என்று மரியான் சொல்லித்தந்தாள். அவள் ஊரில் யாரும் பெயரை எடுக்க வரமாட்டார்கள், அதனால் அவளுக்கு அது தெரியாது.

நேராக டவுனுக்கு பஸ் ஏறினேன். அச்சகத்தில் நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“யாரைக் கேட்டு எடுத்தீங்க அண்ணாச்சி?”

“எம்மா, பைய பேசுங்க. வீட்டுல சொன்னாவ, எடுத்தோம்.”

“வீட்டுல யாரு?”

“வீட்டுலதாம்மா. நாங்க என்ன எங்க இஷ்டத்துக்கா செய்யுதோம்? அச்சடிக்கிறவன் சொன்னதைத்தான் செய்ய முடியும்.” அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

யாரென்று எனக்குச் சொல்லவா வேண்டும்? அன்று சாயந்தரம் பெரியப்பா வந்தபோது நடு வீட்டில் நிறுத்திக் கேட்டேன். “ஊர்ல உங்களுக்கு நல்ல பேருல்லா பெரியப்பா, அது பத்தாம எங்க அம்மா பேரையும் எடுத்துக்கிட்டீங்களா?” என்றேன். அவர் முகம் சிவந்துபோனது. “நடந்தது நல்லதுக்குத்தாம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அம்மா அடுக்களையில் முதுகைக் காட்டி நின்றாள். “கல்யாண வீட்டுல சத்தம் போடாதளா” என்றாள், திரும்பாமலே.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. எல்லோரும் பத்திரிகையைப் பாராட்டினார்கள். தாலி கட்டும்போது அம்மா எங்கே இருந்தாள் என்று நான் போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் மண்டபம் இரண்டுபட்டிருக்கும்.

திரும்பி வந்து வகுப்புக்குப் போனேன். மரியான் ஆவலாகப் பத்திரிகையைக் கேட்டாள். நான் செய்ததையும் அச்சானதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்து, ‘இரண்டும் ஒன்றுதானே? ரொம்ப அழகு’ என்றாள். அவளுக்குத் தமிழ் எழுத்து படிக்கத் தெரியாது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் என் அம்மாவும் பெரியப்பாவும் ஒன்றுதான். அச்சானதைக் காட்டி, ‘இதில் என் அம்மா இல்லை’ என்றேன் டச்சில். என் டச்சு எந்தப் பக்கம் சாய்ந்ததோ, அம்மா இறந்துவிட்டதாக நினைத்து என் தோளைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினாள். நான் அதைத் திருத்தவில்லை. விளக்கிச் சொன்னால், ‘இவர்கள் ஊரில் இப்படித்தான் போல’ என்று ஒரு பார்வை வரும். அந்தப் பார்வையை அவளுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. அப்படி மறைக்க வேண்டியிருந்ததற்கு ஆத்திரம் தனி.

6

இவ்வளவையும் எழுதி, குழுவிலும் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். பத்தரை மணிக்கு அம்மா அழைத்தாள். வடிவுக்கு ஆறாம் மாதம். அடுத்த மாதம் வளைகாப்பு.

“வளைகாப்புக்கு ஒரு கார்டு போடணுமாம்ளா, போன்ல அனுப்புத மாதிரி. பெரியப்பா நேரா கேக்க சங்கடப்படுதாவ. உன்கிட்ட என்னையச் சொல்லச் சொன்னாவ.”

“ஒரு தடவை செஞ்சு கொடுத்தது போதும்மா. அவங்களையே செஞ்சுக்கச் சொல்லு. பேரை எடுக்கத்தான் நல்லாத் தெரியுமே.”

அந்தப் பக்கம் அம்மா குழாயை மூடும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்.

“அவுங்க எடுக்கலளா. நாந்தான் எடுக்கச் சொன்னேன்.”

“என்ன சொல்லுத?”

“நாந்தான் டவுனுக்குப் போயி அண்ணாச்சிகிட்ட சொல்லிட்டு வந்தேன். யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னும் சொன்னேன். பெரியப்பாவுக்கு அச்சாகி வந்த பொறவுதான் தெரியும். அவுக மனசுல ஆசை இருந்துச்சு, இல்லங்கல. ஆனா செஞ்சது நான்.”

முக்கூடலிலிருந்து டவுனுக்கு ஒரு மணி நேரம். அப்பா வேலைக்காக எந்த பஸ்ஸில் போய் அந்த ஆபீசுகளில் நின்றாளோ, அதே பஸ்ஸில் போய்த் தன் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். நான் கத்தினேன். பக்கத்து அறையிலிருந்து யாழினி ஓடி வந்துவிட்டாள். “ஏம்மா? யாரு கேட்டா உன்னை?” என்றேன்.

“நீ அங்கன இருக்க. உனக்குத் தெரியாது. நாளைக்கு வடிவுக்கு ஒரு தலைவலின்னாலும், மாப்பிள்ளைக்கு ஒரு சளின்னாலும், தாலியறுத்தவ பேரு போட்டு அழைச்சாளுவோ, அதான்னு சொல்லுவாவ. அவ காதுல அது விழணுமா? என் பேரு எனக்குப் பெருசா? அவ இருக்கணும்லா நல்லா.”

“ஒரு வருஷமா நான் பெரியப்பாவைத் திட்டிக்கிட்டு இருக்கேன். அவரும் வாயத் திறக்கல.”

“நான்தான் சொல்லாதீங்கன்னேன். உனக்குக் கோவப்பட ஒரு ஆளு வேணும்லா, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டாவ.”

பெரியப்பா எடுத்தார் என்றால் அது ஒரு மனுஷனோடு முடிந்திருக்கும். அவரோடு சண்டை போடலாம், பேசாமல் இருக்கலாம். யாரும் கையை முறுக்காமல், யாரும் கேட்கக்கூட இல்லாமல், கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் தானாக பஸ் ஏறிப் போய் எடுத்தாள் என்றால், இத்தனை வருஷமாக அவளுக்கு என்னதான் சொல்லிச் சொல்லி வைத்திருக்கிறீர்கள் எல்லோரும்? சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்த என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். அம்மா மேலும் கோபம்தான். அதை அவளிடமே சொன்னேன். “எனக்கு உன் மேலதாம்மா இப்ப எல்லாரையும் விடக் கோவம்.”

“சரி, கோவப்படு” என்றாள்.

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

“காந்தி. ஒரு வருஷம் ஓடிட்டு. தென்காசியில அவள நல்லாத்தான் வச்சிருக்காவ. மாப்பிள்ளையும் தங்கமான பையன். அவளும் போன வாரம் ‘ஏம்மா, கார்டுல நீ வேண்டாமா’ன்னு கேட்டா.” நிறுத்தினாள். “இந்தக் கார்டுல நடுவுல பெரியப்பா பெரியம்மா பேரு இருக்கட்டும். எம் பேரையும் போடு. ஆனா சின்னதாப் போடு. கீழ, ஓரத்துல. கண்ணுக்குத் தெரியாத மாதிரி.”

அவள் தன் பெயரைத் தானே போடச் சொல்லி நான் கேட்பது இதுதான் முதல் தடவை.

மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தேன். கை தானாகப் பதினெட்டுக்குத்தான் போனது. இருபத்தி நாலாகப் போட்டு, யாரும் தொட முடியாதபடி பூட்டி, நேராகக் குழுவிலேயே எறிய வேண்டும் போல வெறி வந்தது. ஆனால் போன தடவை அவளைக் கேட்காமல் பெருசாக நிறுத்தியதும் நான்தானே. அவள் கேட்டது சின்னது. எட்டுப் புள்ளி வைத்தேன். கீழே வலது ஓரம். ஒரு எழுத்தை அவ்வளவு ஆத்திரத்தோடு அவ்வளவு சின்னதாக நான் வைத்ததே இல்லை. நடுவில் அவள் சொன்னபடி ராமலிங்கம் – பாப்பா, பன்னிரண்டில். அம்மாவுக்கு மட்டும் அனுப்பினேன்.

ஐந்து நிமிஷத்தில் அழைத்தாள். “கண்ணாடி போட்டும் தெரியல. கொஞ்சூண்டு பெருசாக்கேன்.”

ஒன்பது வைத்து அனுப்பினேன்.

“இப்ப தெரியுது. ஆனா ஏதோ கடலை மடிச்ச தாளுல இருக்க மாதிரி இருக்கு.”

பத்து வைத்தேன். “ஓரத்துல கிடக்கே, கீழ விழுந்துராது?” என்றாள். கொஞ்சம் உள்ளே தள்ளினேன். பதினொன்று வைத்தேன். “ம்” என்றாள். அந்த ‘ம்’ எனக்குத் தெரியும். கடையில் புடவை பார்க்கும்போது, இன்னும் ஒன்று எடுத்துப் போடச் சொல்லும் ‘ம்’. பன்னிரண்டு வைத்தேன். பதின்மூன்று வைத்தேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் எதையும் விளக்கவில்லை. வைப்பேன், அனுப்புவேன், அந்தப் பக்கம் அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்க்கும் சத்தம் கேட்கும்.

இப்போது பதினான்கில் இருக்கிறது. பெரியப்பா பெயர் பன்னிரண்டிலேயே நிற்கிறது. அம்மா இன்னும் போதும் என்று சொல்லவில்லை.